யார் கேட்டாலும் ‘சொகந்தாங்க’

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். அப்போது நான் ஈப்போவிலிருந்து பத்து மைல் தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெசராக வேலை பார்த்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு எல்லாமும் டிரெசர்தான். காயம் கட்டுவதும், மருந்து கலப்பதும், அம்மை குத்துவதும், காய்ச்சல்காரர்களின் வாயைத் திறக்க வைத்து கொயினா மருந்து ஊற்றுவதும் என் வேலை. பெரிய டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை ஈப்போவிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் நான்தான் டாக்டர் என்று எனக்கு ஒரு நினைப்பு. வயது இருபத்தாறு, தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்.

அந்தத் தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஊருக்குப் போக விடுப்புக் கேட்டு, வெள்ளைக்காரத் துரையும் சரி என்று சொல்லியிருந்தார். முதலில் பாகான் செராய்ப் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். கரும்பு போய் ரப்பர் வந்ததும் எங்கள் பக்கம் வந்துவிட்டார். இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தஞ்சாவூர்ச் சீமையில் ஓர் அக்கா மட்டும் இருந்தாள். தாயில்லாத இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

அந்த அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. இரண்டு கண்ணும் மங்கிவிட்டதாம். நீ வந்தால் முகத்தைத் தடவியாவது பார்த்துக்கொள்வேன் என்று யாரையோ வைத்து எழுதியிருந்தாள். பெரியவருக்கு எழுத்து தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை மடியிலிருந்து அதை எடுத்து என்னிடம் நீட்டுவார். நானும் புதிதாக வந்ததைப் போல வாசித்துக் காட்டுவேன். ‘தடவியாவது’ என்ற இடம் வந்ததும், போதும் என்று கையைக் காட்டி வாங்கி மடித்துக்கொள்வார். அதற்கு மேல் கேட்க அவரால் முடியாது.

வயதானவர்களைக் கப்பலுக்குத் தயார் செய்து அனுப்புவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. நாகப்பட்டினம் போய்ச் சேர ஏழெட்டு நாள் ஆகும். மேல்தட்டில் வெயிலிலும் காற்றிலும் கிடக்க வேண்டும். அதனால் இரண்டு மாதம் முன்னதாகவே அம்மை குத்தி, தழும்பு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். நாளுக்கு ஒரு கொயினா மாத்திரை என்று ஒரு துணியில் எட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். விடிந்ததும் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான். பெயரும் ஊரும் எழுதிய சீட்டைச் சட்டையின் உட்பக்கத்தில் வைத்துத் தைக்கச் சொன்னேன். கம்பளி, சுக்கு, அவல், தண்ணீர் காய்ச்சத் தகரக் குவளை எல்லாம் மூட்டையில் ஏறின. கடல் ஆட்டத்தில் வாய் கசக்கும் என்று கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் நானே வாங்கி வைத்தேன்.

இத்தனையும் செய்தவன் இன்னொன்றும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பினாங்கில் கப்பல் ஏறும் முன் துறைமுக டாக்டர் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்ப்பார். காய்ச்சல், இருமல் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். முந்தின வருஷம் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர், கேட்டாரே என்று தன் உடம்பில் உள்ள வலியை எல்லாம் டாக்டரிடம் கதையாகச் சொல்லித் திரும்பி வந்துவிட்டார். நான் எழுதிக் கொடுத்த சான்றுச் சீட்டு சந்தி சிரித்தது. துரை என்னைக் கூப்பிட்டு, நீ பார்த்துத்தான் எழுதினாயா என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

ஆகவே பெரியவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற உத்தியோகக்காரர்கள் தோட்டத்து ஆட்களை வயது பார்க்காமல் ‘நீ’ என்றுதான் பேசுவோம். நானும் அப்படித்தான்.

“யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான். சொகந்தாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது, தெரியுதா?” என்றேன்.

“தெரியுதுங்க.”

ஒரு வாரம் சாயங்காலம்தோறும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒத்திகை நடந்தது. நான் டாக்டராக நாற்காலியில் உட்காருவேன். இருமல் உண்டா என்பேன். சொகந்தாங்க என்பார். வயிற்றுப்போக்கு உண்டா, மூச்சு வாங்குகிறதா, கால் வீக்கம் உண்டா என்பேன். சொகந்தாங்க. டாக்டர் மலாயில் கேட்டாலும் கேட்பார் என்று ‘சாக்கிட்?’, அதாவது நோவு உண்டா, என்பேன். அதற்கும் சொகந்தாங்க. உன் பேர் என்ன என்று ஒருநாள் வேண்டுமென்றே கேட்டேன். அதற்கும் சொகந்தாங்க என்றார். ஆஸ்பத்திரி ஆயா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். பெரியவரும் சிரித்தார். பாடம் நன்றாக ஏறிவிட்டது என்று எனக்குத் திருப்தி.

பினாங்கில் மருந்து வாங்கும் வேலை எனக்கு இருந்ததால் நானே கூட்டிக்கொண்டு போனேன். ஈப்போ ஸ்டேஷன் வாசலில் வண்டியைவிட்டு இறங்கியதும் பெரியவர் படியில் ஏறாமல் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். பெரிய கட்டடம்தான், யாரும் பார்க்கக்கூடியதுதான். இரண்டு படி ஏறுவார், மறுபடி நின்று பார்ப்பார். இருபத்தைந்து வருஷத்தில் ஈப்போவை ஒருநாள்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை போலும் என்று நினைத்து, ரயில் போய்விடும் நட தாத்தா என்று கேலி செய்தேன்.

ரயிலில் அவர் காலைப் பார்த்தேன். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை துணிப்பட்டி சுற்றியிருந்தார். மரம் வெட்டுபவர்கள் அட்டைக்கடிக்குப் பயந்து அப்படிச் சுற்றிக்கொள்வார்கள். ரயிலில் ஏது அட்டை என்று கேட்டேன். பழகிப்போச்சுங்க என்றார். நானும் விட்டுவிட்டேன்.

கோலா கங்சார் தாண்டியதும் அவர் அக்காவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சின்ன வயதில் இவருக்குக் காது புடைத்துக்கொண்டு நிற்குமாம். ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்தால் அக்கா சண்டைக்குப் போவாளாம். ராத்திரி தூங்கும்போது காதைத் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தூங்குவாளாம், ஒட்டிக்கொள்ளட்டும் என்று. பாகான் செராயில் வயல் தெரிய ஆரம்பித்தபோது திடீரென்று என்னைப் பார்த்து, “இங்கதானே உங்க அக்காவக் கட்டிக் குடுத்திருக்கு?” என்றார். ஆமாம் என்றேன். போய்ப் பார்த்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டார். எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை அதிகம் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று பினாங்கில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். காலையில் நான் எழுந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லையா என்றேன். சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை என்றார். பின்னே இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

துறைமுகத்தில் வரிசை நீளமாக இருந்தது. டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தோளில் அம்மைத் தழும்பைப் பார்த்தார். என் சீட்டைப் பார்த்தார். சாக்கிட் என்று கேட்டார். பெரியவர் நிமிர்ந்து நின்று, “சொகந்தாங்க” என்றார். போ என்று கையசைத்தார் டாக்டர். எனக்குப் பரீட்சையில் பாஸ் பண்ணின சந்தோஷம்.

வழியனுப்ப வந்தவர்களும் கொஞ்ச நேரம் மேலே போகலாம் என்பதால் மூட்டையை நான் தூக்கிக்கொண்டு கூட ஏறினேன். ஏணிப்படி செங்குத்தானது. பாதியில் அவர் நின்று கடலைப் பார்த்தார். பின்னாலிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். மேல்தட்டுக்கு வந்தபோது அவருடைய இடது காலின் பட்டி அவிழ்ந்து தரையில் இழுபட்டது. யாராவது மிதித்தால் விழுந்துவிடுவார் என்று நான் குனிந்து அதைச் சுற்றிக்கட்டப் போனேன்.

கால் பளபளவென்று வீங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது மேலே வரவில்லை.

டிரெசர் வேலை தெரிந்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஸ்டேஷன் படியும், சத்திரத்துச் சுவரும், ஏணியில் நின்று கடல் பார்த்ததும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு விளங்கின. இதயம் களைத்துப்போன உடம்பு அது. அதற்கு நான் உப்பில் ஊறின கருவாடும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

“சொகந்தாங்க,” என்றார்.

“அத அந்த டாக்டருக்குச் சொல்லச் சொன்னேன். நான் கேக்கிறேன்.”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். “யாரு கேட்டாலும்னு நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க. நீங்க கேட்டப்பவும் அதத்தான சொன்னேன் அங்க வராந்தாவுல.”

உண்மைதான். ஒரு வாரம் அவரை உட்கார வைத்து நாள்தோறும் மூச்சு வாங்குகிறதா, கால் வீக்கம் உண்டா என்று நானே கேட்டிருக்கிறேன். அவரும் நான் சொல்லிக் கொடுத்தபடியே பதில் சொல்லியிருக்கிறார். நான் விளையாட்டாகக் கேட்டேன், அவ்வளவுதான். அந்த மனுஷருடைய உடம்பைப் பற்றி உண்மையைத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான். அந்த வாயையும் நானே அடைத்துவிட்டேன். என் சீட்டு சந்தி சிரிக்கக் கூடாது என்பதற்காக.

இறங்கிவிடலாம், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை, அழவும் இல்லை. மூட்டைமேல் உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்.

“எறங்கச் சொன்னா எறங்கிர்றேங்க. ஆனா அங்க தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனாலும் இதே காலுதான. அங்க யாரு தடவிப் பாக்கப் போறா?”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “பெரியவரே, இப்பச் சொல்லுங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க,” என்றேன். ‘நீ’ எங்கே போயிற்றோ தெரியவில்லை, அது மறுபடி என் வாய்க்கு வரவே இல்லை.

அவர் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். நாலு மாதமாக வீக்கம். காலையில் குறையும், சாயங்காலம் ஏறும். படுத்தால் நெஞ்சில் ஆள் உட்கார்ந்த மாதிரி இருக்கும், அதனால் சுவரில் சாய்ந்தே தூங்குவார். “ஈப்போவுல கட்டடம் ஒண்ணும் பாக்கலீங்க, மூச்சு வாங்குச்சு,” என்று சொல்லி லேசாகச் சிரித்தார். சொல்லச் சொல்ல அவர் தோள் தளர்ந்து கீழே இறங்குவதைப் பார்த்தேன். நாலு மாதமாக அதையும் சேர்த்துத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

கப்பலிலும் ஒரு டாக்டர் இருந்தார், வயதான வங்காளி. அவரிடம் போய்ச் சொன்னால் ஒருவேளை இறக்கிவிடுவார். சொல்லாவிட்டால் இந்த மனுஷர் நடுக்கடலில் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்தபடியே போய்விடுவார். பெரியவரிடமே கேட்டேன். போய் உள்ளதைச் சொல்லட்டுமா, இறங்கு என்றால் இறங்க வேண்டியிருக்கும் என்றேன். அவர் மடியிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, சொல்லுங்க என்றார்.

நான் போய்ச் சொன்னேன். சொல்லிக் கொடுத்த பாடத்தையும் மறைக்காமல் சொன்னேன். அந்த டாக்டர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் நேராக வந்து குனிந்து காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டார். கரையில் யார் இருக்கிறார்கள், அக்கரையில் யார் இருக்கிறார்கள் என்று என் மூலமாகக் கேட்டார். பெரியவர் அக்காவைச் சொன்னார், கண் போனதைச் சொன்னார். டாக்டர் பிறகு தன் மருந்தறை வாசலுக்குப் பக்கத்தில், காற்று மறைவாக இருந்த ஓர் இடத்தைக் காட்டி அங்கே உட்காரச் சொன்னார். சாய்ந்துகொள்ள ஒரு பெட்டியை இழுத்துப் போடச் சொன்னார். நாளுக்கு இரண்டு வேளை சொட்டு மருந்து தானே கொடுப்பதாகச் சொன்னார். என் பக்கம் திரும்பி, அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு உண்மையான சீட்டு ஒன்று எழுதிக் கொடு என்று மட்டும் சொன்னார். பெட்டிமேல் வைத்து எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ஒரு சீட்டு எழுதியதில்லை.

கருவாட்டையும் ஊறுகாயையும் மூட்டையிலிருந்து எடுத்துக்கொண்டேன். என் கோட்டைச் சுருட்டி அவர் முதுகுக்கு வைத்தேன். மணி அடித்துவிட்டார்கள்.

“போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடுங்க. ஆனா சொகம்னு எழுதக் கூடாது. எப்படி இருக்கோ அப்படி எழுதணும்,” என்றேன்.

“சரிங்க. வாரேங்க,” என்றார். போகிறவர்கள் எல்லாரும் சொல்லும் வார்த்தைதான். அன்றைக்கு அது என்னைப் பிடித்து உலுக்கியது. ஏணியில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது கூட்டத்தில் அவர் முகம் தெரியவில்லை. கப்பல் மறையும்வரை நின்றேன். மருந்து வாங்க வந்தது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பும்போது பாகான் செராயில் இறங்கிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்துத் திகைத்துப்போய், “என்னடா திடீர்னு, எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்,” என்றாள். நான் மறுபடி கேட்டேன். நல்லாத்தான் இருக்கேன்லா என்றாள். நான் எழுந்திருக்காமல் இன்னொரு தடவை கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். வெயில் சாயும்வரை பேசினாள். அவள் சொன்னதை எல்லாம் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. எட்டு மாதமாக அதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்திருக்கிறாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தோட்டத்துக்கு வந்து காத்திருந்தேன். தபால்காரனை நான் அப்படி எதிர்பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சாயங்காலங்களில் வராந்தாவில் அந்த நாற்காலி கிடக்கும். அதில் உட்காரப் பிடிக்காது. ஆயா ஒருநாள் அதைத் துடைத்துக்கொண்டே, போய்ச் சேர்ந்திருப்பாருங்களா என்று கேட்டாள். நான் ஏதோ வேலை இருப்பதைப் போல உள்ளே போய்விட்டேன்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கடிதம் என்றால் ‘இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடம் சுகத்துக்கு எழுதவும்’ என்று தொடங்குவதுதான் நமக்கெல்லாம் வழக்கம். வீட்டில் நாலு பேர் படுக்கையில் கிடந்தாலும் அப்படித்தான் எழுதுவோம். இந்தக் கடிதம் இப்படித் தொடங்கியது:

‘இவ்விடம் நான் சுகமில்லை. வீக்கம் முழங்கால் வரை இருக்கிறது. கப்பலில் டாக்டர் ஐயா மருந்து கொடுத்தார்கள். சாய்ந்துதான் தூங்குகிறேன். உப்பு தொடுவதில்லை. அக்காள் முகத்தைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் மாறிவிட்டது, காது மட்டும் என் தம்பி காது என்றாள். இப்போதும் தூங்கும்போது பிடித்துக்கொள்கிறாள். தாங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உள்ளதை எழுதவும்.’

கீழே சின்ன எழுத்தில், எழுதிக் கொடுத்தவர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார். மங்கலமாகத் தொடங்கலாம் என்று எவ்வளவோ சொல்லியும் பெரியவர் கேட்கவில்லை, என்மீது குற்றமில்லை என்று.

படித்துவிட்டு நான் அழுதேன். சுகமில்லை என்று எழுதியிருந்த அந்தக் கடிதத்தைப் போல எனக்குச் சந்தோஷம் கொடுத்த கடிதம் வேறு எதுவும் வந்ததில்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். கை தானாகவே ‘இவ்விடம் சுகம்’ என்று எழுதிவிட்டது. அதை அடித்தேன். உங்களை அனுப்பிவிட்டு எனக்குப் பல நாள் தூக்கம் இல்லை, வராந்தா வெறிச்சென்று இருக்கிறது, உங்களை மறுபடி ஒருதரம் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த மாதம் இன்னொன்று எழுதினேன், அதற்கும் வரவில்லை. அவர் என்ன ஆனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தபால்காரன் தோட்டத்துப் பாதையில் திரும்பும்போதெல்லாம், அந்த எழுதிக் கொடுத்தவரின் சாய்ந்த கையெழுத்து தெரியுமா என்று வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பாகான் செராய் வயல்களை ரயிலில் கடக்கும்போது இப்போதும் எதிர் இருக்கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு எத்தனையோ வயதானவர்களைக் கப்பலுக்குத் தயார் செய்து அனுப்பினேன். முடிச்சுப் போட்ட துணி உண்டு, கம்பளி உண்டு. பட்டியை அவிழ்த்துக் காலை அழுத்திப் பார்ப்பதும் உண்டு. பாடம் மட்டும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. யாராவது என்னிடம் சொகந்தாங்க என்றால் தலையாட்டிவிட்டு இன்னொரு தடவை கேட்கிறேன். சொகமில்லீங்க என்று ஒருவர் மனம்விட்டுச் சொல்லிவிட்டால், அந்தப் பெரியவரே நாகப்பட்டினத்திலிருந்து திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்துவிட்டதாக எனக்கு இருக்கும்.